பத்துக்குப் பத்து

ஜூலை 14, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாடவேளை எப்போதும் என்னுடையதுதான். வரைபடம், வடிவமைப்பு எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். மிச்சத் தூக்கத்துக்குப் பொருளியல். துறைத் தலைவர் சிவசங்கர் சார் இதை என்னிடமே சொல்லிச் சிரிப்பார்: "உங்க கிளாஸ்ல தூங்கனாதான் மேடம், பசங்க ராத்திரி முழிச்சி டிராயிங் போடுவாங்க." இந்தத் துறையில் கட்டடக்கலை படிக்காத ஒரே ஆள் நான். எம்.ஏ. பொருளாதாரம். மாணவர்களுக்கு நான் 'கணக்கு மேடம்'.

இன்று யாரும் தூங்கவில்லை. நான்காம் ஆண்டுக்குக் கட்டணம் பேசுவது எப்படி என்று ஒரு நாடகம் வைத்தேன். பிரிட்டோ வீடு கட்டுகிறவன், கலையரசி ஆர்க்கிடெக்ட். அவன் காலை நீட்டி உட்கார்ந்து, "இன்னா பெரிய பிளானு, நாலு கோடு. நம்ம பொண்ணுதான நீ, சும்மா போட்டுக் குடு. குடி போறன்னைக்கி ஒரு பொடவ எடுத்துத் தரேன்" என்றான். கலையரசி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க மாமா" என்றாள்.

"பொடவ இன்னா கலருன்னாச்சும் கேளுடி" என்று பின்னாலிருந்து தனுஷா. வகுப்பே சிரித்தது.

வகுப்பிலேயே நன்றாக வரைகிற பெண் கலையரசி. வெயில் எந்த மணிக்கு எந்தச் சுவரில் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள் என்பார் சிவசங்கர் சார். அவளுக்குக் கணக்கு மட்டும் வந்துவிட்டால் — அதுதானே என் வேலை.

ஜூலை 23

வாய்ப்புச் செலவு நடத்தினேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு. புத்தகத்தில் வரும் உதாரணங்கள் அவர்களைத் தொடுவதே இல்லை. பேருந்தில் வரும்போது ஒன்று தோன்றியது: அவர்களுடைய படிப்பையே கணக்காகக் கொடுத்தால்? இந்த ஐந்து வருடப் படிப்புக்கு உங்கள் வீடு எதை எல்லாம் விடுகிறது, படிக்காமல் வேலைக்குப் போனால் என்ன வரும், போட்டது திரும்ப எத்தனை வருடம் ஆகும். கடைசியில் ஒரு வரி முடிவு.

வகுப்பு அப்படி அமைதியாக எழுதி நான் பார்த்ததில்லை. இந்தப் பாடத்தை இப்படி வேறு யார் நடத்துகிறார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

ஜூலை 29

முப்பத்தெட்டுத் தாள்களையும் நேற்றே திருத்தி முடித்தேன். பாதிப் பேர் சம்பளம் என்ற இடத்தில் கனவை எழுதியிருக்கிறார்கள். கலையரசியின் தாள் மட்டும் தனி. அவள் அம்மா மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர், அப்பா இல்லை. விடுமுறையில் அவள் வேலை பார்த்த ஒப்பந்ததாரர், மலையில் சைட் சூப்பர்வைசராக வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சம்பளம், விடுதி, அட்டை, பசை, பிரின்ட் போட்ட செலவு வரை வரிசையாக எழுதிக் கூட்டி, திரும்பப் பத்து வருடம் ஆகும் என்று போட்டிருந்தாள். கோடு போட்ட மாதிரிக் கையெழுத்து. கடைசி வரி: 'பத்து வருடம் காத்திருக்க எங்கள் வீட்டால் முடியாது. நிறுத்துவதே லாபம்.'

அதன் கீழே சிவப்பில் கோடிட்டு, 'தெளிவான முடிவு' என்று எழுதிப் பத்துக்குப் பத்து போட்டேன். இன்று திரையில் காட்டிப் படித்தேன். கதவோரமாகப் போன சிவசங்கர் சார்கூட நின்று பார்த்தார். கைதட்டினார்கள். கலையரசி தலை நிமிரவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 6

திரும்பி வராத செலவு பற்றிய வகுப்பு. டிக்கெட் எடுத்துவிட்டோம் என்பதற்காக மோசமான படத்தைக் கடைசிவரை பார்க்கலாமா? போன காசு போனதுதான். இனி ஆகப்போவதை மட்டும் பார். நல்ல விவாதம். கலையரசி வரவில்லை.

ஆகஸ்ட் 13

நான்காவது வகுப்பாகக் கலையரசி இல்லை. காய்ச்சலா என்று தனுஷாவைக் கேட்டேன். இருவரும் விடுதியில் ஒரே அறை.

"ரூமக் காலி பண்ணிக்கினு போய்ட்டா மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கே? ஏன்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதான பத்துக்குப் பத்து போட்டீங்க."

ஆகஸ்ட் 14

நான் தாளுக்கு மார்க் போட்டேன். அவளுக்கு இல்லை. இரண்டும் வேறு வேறுதானே? — வேறுதானா?

ஆகஸ்ட் 20

ஆய்வுக் குழு வரப்போகிறதாம், பாடக் கோப்பு தயார் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் மூன்று தாள்களின் நகல் வைக்க வேண்டும்: சிறந்தது, நடுத்தரம், கடைசி. சிறந்ததற்குக் கலையரசியின் தாள். பதினைந்து நாளுக்கு முன்பே நகல் எடுத்து வைத்திருந்தேன். துளை போடுமுன் சும்மா ஒரு தடவை படித்தேன்.

கணக்கு தப்பு.

கூட்டலில் இல்லை. ஐந்து வருடச் செலவையும் கூட்டியிருக்கிறாள். ஆனால் முதல் மூன்று வருடம் முடிந்துபோனது. படித்தாலும் அந்தப் பணம் போனதுதான், நிறுத்தினாலும் போனதுதான். 'நிறுத்தவா, தொடரவா' என்ற கேள்விக்கு மீதி இரண்டு வருடத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன். பத்து வருடம் இல்லை. நான்கு.

நான்கு வருடம் என்றால் அந்தக் கடைசி வரியை அவள் எழுதியிருப்பாளா?

கேள்வியைத் தப்பாக அமைத்ததே நான்தான். 'ஐந்து வருடப் படிப்பு' என்று கரும்பலகையில் எழுதியது என் கை. இரண்டே வாரத்தில் திரும்பி வராத செலவை நடத்தியதும் அதே வாய்தான். முப்பத்தெட்டுத் தாள்களை ஒரே மாலையில் — இல்லை, அதைக் காரணமாகச் சொல்லாதே. இது முப்பத்தெட்டாவது தாள் இல்லை. இதைத்தான் நான் மூன்று முறை படித்தேன், அழகாக இருந்ததால்.

ஆகஸ்ட் 21

கோப்பிலிருந்து அவள் தாளை எடுத்துவிட்டு தனுஷாவின் தாளைச் 'சிறந்தது' பகுதியில் வைத்தேன். கலையரசியின் தாளின் நகல் என் கைப்பையில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று காலையில் சர்ச்சில் ஞாயிறு திருப்பலிக்குக்கூடப் போகாமல் கிளம்பினேன். திருக்கோவிலூரில் பேருந்து மாறி மணலூர்பேட்டை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கரும்பு லாரி ஒன்று பாதையை மறித்து நின்றதில் அரை மணி நேரம் போயிற்று. ஏதாவது காரணத்தால் திரும்பிவிட முடியாதா என்று ஆசைப்பட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கலையரசியின் அம்மா சாலம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடி வந்தார். "வாங்க டீச்சரம்மா, இந்த வெயில்ல வந்துக்கினு..." ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் துடைத்துப் போட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். கலையரசி கரியாலூர் பக்கம் மலைமேல் ஒரு தங்கும் விடுதி கட்டுகிற இடத்தில் இருக்கிறாளாம். ஜெயப்பிரகாஷ் என்கிற ஒப்பந்ததாரர்.

"நா உடல டீச்சரம்மா. ரெண்டு வருசம்தான, பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிடலாம்னேன். அவதான் இந்தக் காயிதத்தக் கொணாந்து காட்டனா." ரேஷன் கார்டு வைத்திருந்த பாலிதீன் உறைக்குள்ளிருந்து எடுத்தார். என் சிவப்பு மை. "இன்னா எழுதிக்கிதுன்னு எனக்குத் தெரியாது. பத்துக்குப் பத்துன்னா. பெரிய படிப்பு படிச்சவங்களே சரின்னுட்டாங்க, நா இன்னா பேசறது?"

ரெண்டு வருசம்தான. படிக்காத அந்த அம்மா சரியான கணக்கைத்தான் போட்டிருந்தார். அதைத் தோற்கடித்தது என் பத்து.

வாயைத் திறந்தேன். "பொண்ணு நல்லா வரைவா" என்றேன். பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்து காபி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசை இருந்தது. நின்றேன். என் முறை வருவதற்கு இரண்டு பேருக்கு முன்னால் விலகிவிட்டேன். 'திரும்பி வராத செலவைக் கழிக்காமல் விட்டுவிட்டேன் சாமி' என்றால் அவர் என்ன செய்வார், மூன்று அருள் நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்வார். அவருக்குச் சொல்வது எளிது. அதனால்தான் போகவில்லை.

நான் படித்த நாவல்களில் குற்றம் செய்தவர்களுக்குக் காய்ச்சல் வரும், பிதற்றுவார்கள். எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

செப்டம்பர் 4

சிவசங்கர் சார் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு கலையரசி இன்னா ஆச்சி மேடம்? அடுத்த வெள்ளிக்குள்ள வந்துட்டா அபராதம் கட்ட வெச்சி எப்பிடியாச்சும் சேத்துடலாம். அதுக்கப்பறம் எங்கையில இல்ல. வருசம் போய்டும்."

"வீட்டுக் கஷ்டம்னு கேள்விப்பட்டேன் சார்."

"இருந்திருந்து நல்ல கை ஒன்னு வந்துச்சி" என்றார்.

வீட்டுக் கஷ்டம். எவ்வளவு சுலபமாக வந்தது.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். கேக். தனுஷாதான் எனக்குப் பரிசு கொடுத்தாள். ஒரு டஜன் சிவப்புப் பேனா. பையன்கள் கலாய்க்கத்தான் வாங்கியிருப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தனுஷாவுக்கு?

செப்டம்பர் 9

போன் செய்தேன். ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவள் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இன்று செவ்வாய், ஞாயிற்றுக்கிழமைதான் போக முடியும். வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு.

ஒருநாள் விடுப்பு எடுக்க முடியாதா உன்னால்?

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் வரை உட்காரவே இடம் கிடைக்கவில்லை. நல்லதென்று நின்றேன். கரியாலூரில் இறங்கி விசாரித்தால், "சிமென்ட்டு லாரி போன தடத்துலயே போங்க" என்றார்கள்.

கலையரசி தலையில் துண்டு கட்டி, கம்பி கட்டுகிறவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பு — அதை நான் சம்பாதிக்கவில்லை. இழுத்துக்கொண்டு போய்க் கட்டடத்தைக் காட்டினாள். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள். "நாலு மணிக்கு மேல உள்ள நிக்க முடியாது மேடம், வெந்துடுவாங்க. மாத்திடலாம்னு ஜெயப்பிரகாஷ் சார்கிட்ட சொன்னேன். 'உன்ன கம்பி எண்றதுக்கு வெச்சிக்கிறேன், ஜன்னலப் பாக்கறதுக்கு இல்ல'ங்கறாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, "கரெக்டுதான், நா யாரு சொல்றதுக்கு" என்றாள்.

மணல் குவியல் ஓரம் நின்றபடி சொன்னேன். தாளை எடுத்துக் காட்டினேன். எந்த மூன்று வரியைச் சேர்த்திருக்கக் கூடாது, ஏன், சரியாகப் போட்டால் எவ்வளவு. கேள்வியே தப்பு, கேட்டது நான், திருத்தியதும் நான்.

தாளில் அந்த மூன்று வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப எவ்ளோ மேடம்?"

"என்ன எவ்வளவு?"

"மார்க்கு. பத்துக்கு."

எதிர்பார்க்கவில்லை. "நாலு" என்றேன்.

"நாலா. பாஸ்கூட இல்லியா." சிரிக்கப் பார்த்தாள். காலி சிமென்ட் பையைக் கிழித்து உள்தாளில் கம்பி அளக்கும் பென்சிலால் போட ஆரம்பித்தாள். மூன்று வரியை அடித்தாள். மீதியைக் கூட்டினாள். "நாலு வருசம். மார்க்கும் நாலு." பிறகு: "நாளைக்கே வந்தா சேத்துக்குவாங்களா?"

"இல்லை. வருகை போய்விட்டது. வருடம் போய்விட்டது."

"எப்ப போச்சி?"

"முந்தாநாள்."

பென்சில் நின்றது. "நீங்க இத எப்ப கண்டுபுடிச்சீங்க?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். பேருந்தில் அதற்குப் பயிற்சிகூட செய்திருந்தேன்.

"ஆகஸ்ட் இருபது."

விரல் விட்டு எண்ணினாள். என் கண் முன்னாலேயே, ஒவ்வொரு விரலாக. பிறகு கணக்கில் 'இரண்டு வருடம்' என்றிருந்ததை அடித்து 'மூன்று' என்று எழுதினாள். கூட்டவில்லை. அந்தச் சிமென்ட் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மூணரைக்கி பஸ்ஸு மேடம். உட்டா அப்பறம் ஆறுக்குதான்" என்றாள்.

செப்டம்பர் 15

சிவசங்கர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'வீட்டுக் கஷ்டம்' என்றது பொய் என்பதையும். திட்டுவார் என்று நினைத்தேன். கோப்பை வாங்கி, தனுஷாவின் தாளை உருவிவிட்டுக் கலையரசியின் தாளைத் திரும்ப வைக்கச் சொன்னார்.

"தப்பப் பேப்பர்ல புடிச்சா ரப்பர் போதும் மேடம். சைட்ல புடிச்சா கடப்பாரதான். எங்காளுங்களுக்கு மொத வருசமே சொல்றது. உங்களுக்கு யாரும் சொல்லல போலருக்கு." பிறகு, "பத்து நாளு. பத்து நாளைக்கி முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

'10' ஐ அடித்து '4' என்று எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மணலூர்பேட்டை. இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை. சாலம்மாளிடம் சொல்லி முடித்தேன். மகள் முன்பே சொல்லியிருந்தாள் போல, ஆச்சரியப்படவில்லை. புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கை நிற்கவும் இல்லை.

"அன்னைக்கி வந்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"என் கையால காபி வாங்கிக் குடிச்சீங்க."

"ஆமாம்."

"எப்பிடிம்மா உள்ள எறங்கிச்சி?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். மாலை வரை பேருந்து நிறுத்தத்தில் இருந்தேன். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன்.

நவம்பர் 19

பருவத் தேர்வு. கேள்வித்தாளில் 'வாய்ப்புச் செலவு — சிறு குறிப்பு வரைக.' முப்பத்தேழு பேரும் நன்றாக எழுதியிருப்பார்கள்.

பிப்ரவரி 2

அம்மா போனில், "இன்னாடி, பேச்சே கம்மியாய்டுச்சி, வேல புடிக்கலையா?" என்றாள். பிடித்திருக்கிறது. அதுதான் சங்கடம்.

மே 28

தனுஷா சொன்னாள்: மலைமேல் விடுதி கட்டி முடிந்துவிட்டதாம். முதல் கோடையிலேயே மேற்குப் பக்க அறைகளில் யாரும் தங்கவில்லையாம். கலையரசி அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாளாம். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது.

ஜூலை 6

புதிய நான்காம் ஆண்டு. பெயர்ப் பட்டியலில் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொன்றாவது பெயர் மட்டும் பழைய பதிவெண்ணோடு, கையால் எழுதியிருந்தது. ஒரு வருடம் சின்னவர்களோடு, ஜன்னலோரம், கடைசிப் பெஞ்ச். பெயரைக் கூப்பிட்டேன்: கலையரசி. "பிரசன்ட் மேடம்" என்றாள், எல்லோரையும் போல.

ஜூலை 15

வாய்ப்புச் செலவு. யாருடைய வீட்டுக் கணக்கையும் கேட்பதில்லை என்று முடிவு செய்து, மாவு மில் வைப்பதா ஜெராக்ஸ் கடை வைப்பதா என்று ஒரு கணக்கு தயாரித்துக்கொண்டு போனேன். நடத்திக்கொண்டிருக்கும்போது கடைசிப் பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது.

"போன வருசத் தாள் இருக்குதுங்களா மேடம்? அத காட்டுங்க."

"அது உன்னுடையது. உனக்குச் சம்மதமா?"

"எல்லாந்தான் பாத்தாங்களே. கை வேற தட்டுனாங்க."

கோப்பிலிருந்து எடுத்துத் திரையில் போட்டேன். அடித்த பத்தும், நாலும், என் கையெழுத்தும் தெரிந்தன. தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். முன் வரிசையில் இலக்கியா என்ற பெண் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டாள்: "முடிஞ்ச மூணு வருசத்த ஏன் மேடம் கூட்டிக்கிறாங்க?"

"சரி" என்றேன்.

"இன்னொரு தப்பு இருக்குது" என்றாள் கலையரசி.

வகுப்பு தேடியது. தாளில் வேறு எதுவும் இல்லை. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன் — கண்டுபிடித்த தேதியையும், மலைக்குப் போன தேதியையும் பலகையில் எழுதி, இடையில் கோடு போட்டு, "இருபத்தைந்து நாள். இதற்கு ஒரு வருடம் விலை. கொடுத்தது நான் இல்லை" என்றேன். யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. மணி அடித்தது.

கலையரசி மற்றவர்களோடு வரிசையில் வந்து, மேசைமேல் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள். கேட்காத கணக்கு. மீதமுள்ள இரண்டு வருடம் மட்டும், அதே கோடு போட்ட கையெழுத்தில். முடிவு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

நான்கு முறை கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மார்க் போடும் கட்டத்தைக் காலியாக விட்டேன்.